ஓடும் ரோதையை யார் நிறுத்தலாம்?

போன மாதம் பதுளை ரயில் நிலையத்தில் இரண்டு எஞ்சின் டிரைவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் தோட்டத்து ஸ்டோர்களில் இயந்திரம் ஓட்டுகிறவர்கள். ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலை. இயந்திரப் பாதுகாப்பு விதிகள் என்று அச்சடித்த தாள் ஒன்று அவர்களுடைய தோட்டங்களுக்கு வந்திருக்கிறதாம். சுவரில் ஒட்டிய நாளிலிருந்து ஆட்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைக்கிறார்களாம். ஓடுகிற இயந்திரத்துக்கு எண்ணெய் விடலாமா, தோளில் துண்டு போடலாமா, தூசி நெஞ்சை அடைத்தால் யாரிடம் சொல்வது, ஒருவன் மாட்டிக்கொண்டால் யார் நிறுத்துவது?

"ஒங்க காலத்துல இதெல்லாம் யாருங்க கேட்டா?" என்றார் அவர்களில் இளையவர், சிரித்துக்கொண்டே.

எனக்கு ரயிலுக்கு நேரமிருந்தது. சொல்ல ஆரம்பித்தேன். ரயில் வந்துவிட்டது. கதை முடியவில்லை. மிச்சத்தை எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். இத்தனை வருடம் கழித்தும் அந்த நாட்களை நினைத்தால் என்னால் உட்கார முடிவதில்லை, எழுந்து நடக்கத்தான் தோன்றுகிறது.

நான் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவன். அப்புத்தளை மலையைக் குடைந்து ரயில் பாதை போட்ட காலத்தில் ஒரு நீராவி இயந்திரத்துக்கு எண்ணெய் போடும் வேலையில் சேர்ந்தேன். கரி அள்ளினேன், கொதிகலனைத் துடைத்தேன், ஒருமுறை காலில் சுட்டுக்கொண்டேன். நாலு வருடத்தில் இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோய் என்று சொல்லப் பழகினேன். என் படிப்பு அவ்வளவுதான்.

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் காலம் அது. ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் புது ஸ்டோர் கட்டினார்கள். தண்ணீரால் சுற்றும் இரும்புச் சக்கரம் ஒன்று சீமையிலிருந்து வந்து இறங்கியது. எங்கள் ஆட்கள் பேச்சில் அது ரோதை. அதை மாட்டு வண்டிகளில் ஏற்றி, வளைவுக்கு வளைவு கட்டை போட்டு நிறுத்தி, தோட்டம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் நானும் ஒருவன். பொருத்த வந்த கொழும்புக்காரர் திரும்பிப் போகும்போது என்னைக் காட்டி, இவனை வைத்துக்கொள்ளுங்கள் என்று தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாள் தண்ணீரைத் திறந்தது என் கைதான். மலைமேல் தொட்டியிலிருந்து இரும்புக் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி ரோதையின் கிண்ணங்களில் அறைந்தது. ரோதை மெல்ல அசைந்து, பிறகு வேகம் பிடித்தது. அதிலிருந்து ஒரு பெரிய பெல்ட், சுவரில் விட்ட பிளவு வழியாக மேலே ஸ்டோருக்குள் போகிறது. அங்கே மாடித் தரைக்கு அடியில் கட்டடத்தின் நீளத்துக்கும் ஓடும் இரும்பு உருளையை அது சுற்றுகிறது. அதை ஷாஃப்ட் என்போம். ஷாஃப்டிலிருந்து இறங்கும் சின்ன பெல்ட்டுகள் கொழுந்து உருட்டும் ரோலர்களையும் சல்லடைகளையும் ஓட்டும். கீழே ஒரு கைப்பிடியைத் திருப்பியவுடன் மேலே அத்தனையும் ஒன்றாக அசைந்ததைப் பார்த்து வெளியே பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இப்போது எங்கள் டீமேக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டோருக்கு அவர்தான் தலைவர். பெயர் சவரிமுத்து. திருநெல்வேலிக்காரர். வெளியே எப்போதும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. ஸ்டோர் வாசலுக்கு வந்ததும் அதைக் கழற்றி மாட்டுவார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே இறுக்கமாகச் சுருட்டுவார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுவார். கடிகாரச் சங்கிலியை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டுவார். உடம்பில் தொங்குகிற பொருள் ஒன்றுகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே காலை வைப்பார். துரை கூட இருந்தாலும் இந்த வரிசை மாறாது. துரை காத்துக்கொண்டு நிற்பார்.

அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். மிகக் கோபம் என்றால் நாம் குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும். அவர் முணுமுணுக்கத் தொடங்கினால் ஸ்டோரே நடுங்கும்.

தினமும் காலையில் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் அவரும் நானும் ஏணியோடு ஷாஃப்டின் கீழே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்போம். ஒவ்வொரு தாங்கியிலும் எண்ணெய் இருக்கிறதா, பெல்ட்டின் தையல் பிரிந்திருக்கிறதா, ரோலர் அடியில் யாராவது துடைத்துக்கொண்டிருக்கிறார்களா என்று பார்ப்பார். எல்லாரும் அவரவர் இடத்தில் வந்து நின்று கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். எத்தனை பேர், எத்தனை கை என்று பார்த்துவிட்டுத்தான் என்னைக் கீழே அனுப்புவார்.

கீழே என்றால் உண்மையில் கீழே. ரோதை வீடு ஸ்டோரின் பின்புறச் சரிவில் இருந்தது. வெளியே வந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு, நாற்பத்திரண்டு படி இறங்க வேண்டும். தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. மேலே என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரிய வழியே இல்லை.

பக்கத்துத் தோட்டமொன்றில் ஒருவனுக்கு விரல்கள் போயின. அதைக் கேள்விப்பட்ட எங்கள் துரை, ஒரு தாளில் ஆங்கிலத்தில் பதினொரு விதிகள் எழுதிக் கண்ணாடி போட்டு ஸ்டோர் சுவரில் மாட்டினார். உள்ளே வேலை செய்த நாற்பது பேரில் ஒருவருக்கும் அந்தத் தாளைப் படிக்கத் தெரியாது. சவரிமுத்து ஐயா அதைத் தமிழில் சொல்லிக் கொடுக்கத் துரையிடம் அனுமதி வாங்கினார். சனிக்கிழமை மத்தியானம், இயந்திரங்களைத் துடைக்க நிறுத்தியிருந்த நேரத்தில், எல்லாரையும் உட்கார வைத்து ஒவ்வொரு விதியாகச் சொன்னார்.

சொல்லி முடித்ததும் கலைந்து போவார்கள் என்று நினைத்தேன். சல்லடைப் பக்கத்தில் வேலை செய்யும் பேச்சியம்மாள் எழுந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். காம்பு பொறுக்குவதில் கெட்டிக்காரி. அதுவரை அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

தூசி பற்றித்தான் முதலில் கேட்டாள். சல்லடை அறையில் பஞ்சு மாதிரி பறக்கிற தேயிலைத் தூசியால் இரண்டு பெண்களுக்கு இருமல் நிற்கவேயில்லை, இந்தப் பதினொன்றில் அதற்கு ஏதாவது இருக்கிறதா என்றாள். இல்லை என்றார் ஐயா. குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். துண்டை இடுப்பில் கட்டலாமா? முடியை எவ்வளவு இறுக்கி முடிய வேண்டும்? பெல்ட் நழுவினால் கையால் தள்ளலாமா? கேள்விகள் வர வர ஐயாவின் முகத்தில் ஒரு களை ஏறியது. பென்சில் நிற்கவில்லை.

கடைசியில் பேச்சியம்மாள் மறுபடியும் எழுந்தாள்.

"ஐயா, ஏழாவது விதியில டீமேக்கர் ஐயா உத்தரவு இல்லாம ரோதைய நிப்பாட்டக் கூடாதுன்னு சொன்னீங்க. நீங்க மேல கொழுந்து வாட்டுற மாடியில இருக்கீங்க. இங்க ஒருத்தன் மாட்டிக்கிட்டான். நாங்க மாடிக்கு ஓடி உங்களக் கூப்பிட்டு, நீங்க எறங்கி வந்து பாத்து, அப்புறம் ஒரு ஆளு படியெறங்கி வேலாயுதண்ணன்கிட்டச் சொல்லி, அவரு தண்ணிய அடைக்கணும். அதுவரைக்கும் அவன் என்ன செய்வான்?"

வேலாயுதம் நான்தான். ஐயா அதையும் எழுதினார். எழுதிய வரியின் கீழே ஒரு கோடும் போட்டார்.

மறுநாள் ஞாயிறு. அவர் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, என் லயத்துக்கே, வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு சுருள் கம்பி. இருவருமாகப் போய், ரோலர் அறையின் நடுத்தூணிலிருந்து பெல்ட் போகும் பிளவு வழியாக ரோதை வீடுவரை அந்தக் கம்பியை இழுத்துக் கட்டினோம். என் தலைக்கு மேலே ஒரு பழைய இரும்புத் தட்டும் அதை அடிக்க ஒரு சுத்தியலும் தொங்கவிட்டோம். மேலே கம்பியை இழுத்தால் கீழே தட்டு அலறும். தண்ணீர் இரைச்சலை மீறிக் கேட்கிறதா என்று பதினைந்து தடவையாவது இழுத்துப் பார்த்திருப்போம். ஐயா மேலேயிருந்து இழுத்துவிட்டு நாற்பத்திரண்டு படியும் ஓடி வந்து, கேட்டதா என்பார். கேட்டது என்பேன். மறுபடி மேலே ஓடுவார். அவருக்கு அப்போது ஐம்பது வயது.

செவ்வாய்க்கிழமை துரை சுற்றிப் பார்க்க வந்தவர் கம்பியைக் கண்டுவிட்டார். ஆட்கள் விளையாட்டுக்கு இழுப்பார்கள், ரோலரில் கொழுந்து கெட்டுப் போகும், கழற்று என்றார். ஐயா சரிங்க என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. துரை போனதும் என்னிடம், ஆணியெல்லாம் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கிறது, சனிக்கிழமை நிதானமாகக் கழற்றலாம் என்றார். அவை நாங்கள் இரண்டு நாளுக்கு முன்னால் அடித்த புது ஆணிகள்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நல்ல மழைக்குப் பிறகு வெயில் அடித்துக் கொழுந்து குவிந்திருந்தது. நான் தாங்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தட்டு அலறியது. ஒரு தடவை அல்ல, விடாமல்.

அந்த நிமிடத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். ஏழாவது விதிதான் முதலில் வந்தது. டீமேக்கர் உத்தரவு என்னிடம் இல்லை. கழற்றச் சொன்ன கம்பி அது. யாரோ தெரியாமல் இழுத்திருந்தால் என் வேலை போய்விடும், லயத்தைக் காலி செய்ய வேண்டும். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் அப்படியே நின்றேன். அந்த ஒரு மூச்சுக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

தண்ணீரைச் சட்டென்று அடைக்க முடியாது. முந்நூறு அடி குழாயில் இறங்கி வரும் தண்ணீரைத் திடீரென்று தடுத்தால் குழாய் வெடித்துவிடும். நாற்பது எண்ணிக்கொண்டே மெல்லத் திருப்ப வேண்டும். நாற்பது எண்ண மேலே நேரமில்லை. ஆகவே பெல்ட்டை நகர்த்தும் மரக் கைப்பிடியில் முழு உடம்பையும் போட்டுச் சாய்ந்தேன். பெல்ட், இழுக்கும் சக்கரத்திலிருந்து நழுவிப் பக்கத்தில் சும்மா சுற்றும் சக்கரத்துக்கு மாறியது. மேலே ஷாஃப்டுக்கு இனி இழுவை இல்லை. ஆனால் சுமை விட்டுப்போன ரோதை வெறி பிடித்த மாதிரி வேகம் எடுத்தது. தரை அதிர்ந்தது. ஒரு கிண்ணம் பிய்ந்து வந்தால் என் தலை இருக்காது. கைச்சக்கரத்தைப் பிடித்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. வேகமாக எண்ணக் கூடாது, வேகமாக எண்ணக் கூடாது என்று நடுவே எனக்கு நானே சத்தம் போட்டுக்கொண்டேன். நாற்பதில் ரோதை அடங்கியது. படிகளில் ஏறியது எனக்கு ஞாபகமில்லை.

மேலே ரோலர் பலகைமேல் மாரிமுத்து ஷாஃப்டோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தான். ரோலருக்குக் கொழுந்து கொட்டும் ஆள்; அந்த உயரப் பலகையில் நின்றால் ஷாஃப்ட் கைக்கெட்டும். வியர்வை துடைக்கத் தோளிலிருந்த துண்டை எடுத்திருக்கிறான். ஷாஃப்டின் வளையத்தை இறுக்கும் ஆணியின் தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அது துண்டைக் கவ்விச் சுருட்டி, கூடவே வலக்கையையும் முழங்கைவரை இழுத்திருந்தது. எலும்பு முறிந்துவிட்டது. ஷாஃப்ட் இன்னும் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தால் கழுத்து. பேச்சியம்மாள் இன்னும் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐயா மாடியிலிருந்து அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தார். அவரே கத்தியால் துண்டை அறுத்தார்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நாலு பேர் டோலியில் தூக்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

ஸ்டோர் சத்தம் நின்றால் பங்களாவுக்குத் தெரியும். துரை குதிரையில் வந்து இறங்கினார். தரையில் இரத்தத்தைப் பார்த்தார், தூணில் கம்பியைப் பார்த்தார். யார் உத்தரவில் நிறுத்தினீர்கள் என்றார்.

"என் உத்தரவுங்க" என்றார் ஐயா. குனிந்தால்தான் கேட்கும் குரல்.

பேச்சியம்மாள் முன்னால் வந்தாள்.

"இல்லீங்க தொரை. ஐயா மாடியில இருந்தாரு. நான்தான் இழுத்தேன்."

நானும் சொல்லிவிட்டேன். உத்தரவு வரவில்லை, நானாகத்தான் நிறுத்தினேன் என்று. துரை எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். குதிரையில் ஏறிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் என் மனைவி சட்டி பானைகளைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டு முடிந்ததும் துரை ஸ்டோருக்கு வந்தார். வாசலில் நின்று, ஐயாவைப் போலவே கோட்டைக் கழற்றினார், கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ரோதையை ஓடவிடச் சொன்னார். ஓடுவதில் கெட்டிக்காரனான ஒரு ஆளை நிறுத்தி, ஏழாவது விதிப்படி செய் என்றார். அவன் மாடிக்கு ஓடினான், ஐயா இறங்கி வந்தார், அவன் படி இறங்கி என்னிடம் வந்தான், நான் நிறுத்தினேன். பிறகு மறுபடி ஓடவிட்டு, துரை தன் கையாலேயே கம்பியை இழுத்தார். மேலே ஷாஃப்ட் நிற்க முதல் முறை இரண்டு நிமிடத்தை நெருங்கியதாம். கம்பிக்குப் பன்னிரண்டு வினாடி.

அதோடு விடவில்லை. மூன்றாம் முறை ஓடவிட்டு, தன் கைக்குட்டையை ஒரு நீளக் குச்சியின் முனையில் கட்டி, அந்த ஆணித் தலைக்குப் பக்கத்தில் நீட்டினார். கைக்குட்டை போனது கண்ணுக்குத் தெரியவில்லை. குச்சியும் கையை விட்டுப் போய்விட்டது. துரை வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சியம்மாள் கேட்ட கேள்வியை ஐயா முந்தின இரவே பங்களாவுக்குப் போய்ச் சொல்லியிருந்தாராம்.

"கேள்வி கேட்ட பொம்பள எங்க?" என்றார்.

பேச்சியம்மாளை முன்னால் தள்ளினார்கள். வேறு என்ன கேட்டாய், எல்லாவற்றையும் சொல் என்றார் துரை. அவளுக்குப் பதிலாக ஐயா குறிப்புப் புத்தகத்தை நீட்டினார். துரைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஐயா படிக்கப் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் ஆனது. எனக்கு அது ஒரு திருவிழா போல இருந்தது.

அந்த வாரமே ஷாஃப்டில் துருத்திய ஆணித் தலைகள் எல்லாவற்றையும் அறுத்து உள்ளே இறக்கினேன். பெல்ட்டுகளுக்கு ஆளுயரப் பலகை வேலி வந்தது. சல்லடை அறையில் இரண்டு பெரிய சன்னல் வெட்டினார்கள். இருமல் முழுக்க நின்றது என்று சொல்ல மாட்டேன், குறைந்தது. கண்ணாடிச் சட்டத்தில் ஆங்கிலத் தாளுக்குப் பக்கத்தில் தமிழ்த் தாள் ஏறியது. ஏழாவது விதியை ஐயா தன் கையாலேயே எழுதினார். ஆபத்தென்று நினைத்தால் யார் வேண்டுமானாலும் கம்பியை இழுக்கலாம், ஏன் இழுத்தாய் என்று பிறகுதான் கேட்கப்படும்.

துரை பயந்த மாதிரியே ஒருமுறை நடந்தது. வயதான பெண் ஒருத்தி, மேலிருந்து ஒரு சாக்கு விழுந்ததை ஆள் விழுந்ததாக நினைத்து இழுத்துவிட்டாள். எல்லாம் நின்றுபோனது. அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் மேலே வந்து பார்த்து எரிச்சலில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஐயா என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"வேலாயுதம், இன்னைக்கு இவளத் திட்டினா நாளைக்கு இங்க ஒருத்தரும் இழுக்க மாட்டாங்க. போய் நல்ல வேலை செஞ்சன்னு சொல்லு."

போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு வேலையிலிருந்த காலம் முழுக்க, வீண் இழுப்புக்காக யாரையும் நான் கடிந்ததில்லை. டிரைவர்களே, உங்கள் ஆட்களின் கேள்விகளில் கடைசிக் கேள்விக்கு என் பதில் இதுதான்.

மாரிமுத்து என்ன ஆனான் என்று நீங்கள் கேட்பதற்குள் என் ரயில் வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து வந்தான். கை நேராகக் கூடவில்லை, கொஞ்சம் வளைந்திருந்தது. ஆனால் பிடிக்கும், தூக்கும். மலையில் லேசான வேலை தருகிறேன் என்றார் துரை. அவன் ஸ்டோர் வேலைதான் வேண்டும் என்றான். ஆனால் முதல் நாள் காலை வாசல்வரை வந்தவனால் உள்ளே வர முடியவில்லை. ஷாஃப்ட் சுற்றுகிற சத்தம் கேட்டதும் கால் நின்றுவிட்டதாம். ஐயா அவனை அவசரப்படுத்தவில்லை. அவன் வாசலிலேயே ஒரு மணி நேரம் நின்றிருக்கிறான்.

இதெல்லாம் கீழே இருந்த எனக்குத் தெரியாது. திடீரென்று தட்டு அலறியது. இந்த முறை ஒரு மூச்சுக்கூட நிற்கவில்லை. பெல்ட்டைத் தள்ளி, நாற்பது எண்ணி, படிகளில் பறந்தேன்.

ரோலர் அறையில் ஒருவரும் அசையவில்லை. தரையில் இரத்தம் இல்லை. நடுத்தூணுக்குப் பக்கத்தில் மாரிமுத்து, அந்த வளைந்த கையால் கம்பியைப் பிடித்தபடி, அண்ணாந்து ஷாஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரோலர்களில் கொழுந்து அப்படியே கிடந்தது. ஐயா பக்கத்தில் கைகட்டி நின்றார். நிறுத்திப் பார்க்கட்டுமா என்று மாரிமுத்து கேட்டானாம். தூணிலிருந்த கம்பியைக் காட்டினாராம் அவர், அவ்வளவுதான்.

மாரிமுத்து என்னைப் பார்த்தான்.

"கேட்டுச்சாண்ணே?"

"கேட்டுச்சுப்பா" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

அவன் கம்பியை விட்டான். தலையிலிருந்த துண்டை அவிழ்த்து, மடித்து, வாசல் திண்டில் வைத்துவிட்டு வந்து பலகைமேல் ஏறி நின்றான். பிறகு கையைத் தூக்கிக் காட்டினான். ஐயா எண்ணிப் பார்த்துவிட்டு என் பக்கம் தலையசைத்தார். நான் தண்ணீரைத் திறக்கக் கீழே ஓடினேன்.